தலைவிதி என்று சொல்லிவிட்டால் போதுமா?

விடிவதற்கு முன்பே கேலாங் பாத்தா பக்கம் சாலைகள் விழித்துக்கொள்கின்றன. சிங்கப்பூரின் தூவாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் அண்ணன்மார்களும் அக்காமார்களும் மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் இரண்டாவது பாலத்தை நோக்கி விரைகிறார்கள். 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஜொகூர் கரையில் தொடங்கும் இடத்தின் பெயர் தஞ்சோங் கூப்பாங், கம்போங் லாடாங். அந்தக் கிராமத்தின் சதுப்பு நிலத்தில்தான் 1977 டிசம்பர் 4ஆம் நாள் இரவு ஒரு பயணிகள் விமானம் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த நூறு பேரில் ஒருவரும் உயிர் தப்பவில்லை.

ஜொகூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் இந்தச் செய்தியையே அறிந்தேன். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது தாத்தாவிடம் கேட்டேன். “ஆமாம்மா, ஞாயித்துக்கிழமை ராத்திரி. மறுநாள் எஸ்டேட் முழுக்க அதே பேச்சுதான். நூறு பேரு. என்ன செய்றது, எல்லாம் தலைவிதி,” என்றார்.

தாத்தாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. துக்கத்தைத் தாங்கிக்கொள்ள அவர் தலைமுறைக்குக் கிடைத்த சொல் அது. ஆனால், அந்தச் சொல்லோடு நாமும் நின்றுவிட்டால், அடுத்த விபத்தைத் தடுக்க வழியே இல்லை. நம் நாட்டில் நடந்த சில விமான விபத்துகளின் காரணங்களைத் தேடிப் படித்தபோது எனக்குப் புரிந்தது இதுதான்: ஒரு விபத்து நடப்பதற்கு வெகுநேரம் முன்பே, சில சமயம் பல ஆண்டுகளுக்கு முன்பே, அது தொடங்கிவிடுகிறது.

தஞ்சோங் கூப்பாங்: காவல் இல்லாத கதவு

அன்று மாலை 7.21 மணிக்குப் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டது மாஸ் நிறுவனத்தின் எம்.எச். 653 விமானம். அது ஒரு போயிங் 737. பயணிகள் 93 பேர், பணியாளர்கள் 7 பேர். சுபாங் விமான நிலையத்தில் தரையிறங்கக் கீழே வந்துகொண்டிருந்தபோது, விமானம் கடத்தப்பட்டிருப்பதாக விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்திற்குத் தெரிவித்தார். சிறிது நேரத்தில், சிங்கப்பூருக்குப் போகிறோம் என்ற செய்தி வந்தது. இரவு 8.15 மணிக்குப் பிறகு தொடர்பு அற்றுப்போனது. 8.36 மணியளவில், சதுப்பு நிலத்தில் எதுவோ எரிந்துகொண்டிருப்பதாகக் கம்போங் லாடாங் மக்கள் தகவல் கொடுத்தார்கள்.

மாண்டவர்களில் அன்றைய விவசாய அமைச்சர் டத்தோ அலி ஹாஜி அகமட்டும், ஜப்பானுக்கான கியூபா தூதரும் இருந்தார்கள். விமானம் விழுந்த வேகத்தில் உடல்களை அடையாளம் காண முடியவில்லை. எல்லா இனத்தவரும் எல்லாச் சமயத்தவரும் ஜொகூர் பாரு, ஜாலான் கெபுன் தேயில் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்த நினைவிடம் இன்றும் அங்கே இருக்கிறது.

விமானிகள் இருவரும் சுடப்பட்டார்கள், அதன் பிறகு விமானத்தைச் செலுத்த ஆளில்லை என்பதே விசாரணை எட்டிய முடிவு. கடத்தியது யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. ஜப்பானிய செம்படை என்ற பேச்சு எழுந்தது, அது நிரூபிக்கப்படவில்லை.

அது விபத்தே இல்லை, கொலைதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், கொலைகாரனின் கையில் துப்பாக்கி இருந்தது மட்டும் காரணமாகிவிடாது. துப்பாக்கியோடு ஒருவன் விமானத்தில் ஏறும் அளவுக்கு விமான நிலையச் சோதனை தளர்வாக இருந்தது. விமானி அறையின் கதவும் இன்றுபோல் உறுதியானதன்று. அந்தக் காலத்தில் உலகின் பல விமானங்களில் இதே நிலைதான். இன்று நாம் கைப்பையைத் திறந்து காட்டி, இடுப்பு வாரைக் கழற்றி, வரிசையில் பொறுமை இழந்து நிற்கிறோம். அந்த வரிசைக்குப் பின்னால் தஞ்சோங் கூப்பாங் போன்ற இடங்கள் இருக்கின்றன.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, பயணிகள் விமானங்களின் விமானி அறைக் கதவுகள் உள்ளிருந்து பூட்டக்கூடிய, குண்டு துளைக்காத கதவுகளாக மாற்றப்பட்டன. பிரச்சினை அத்தோடு தீர்ந்ததா? 2015 மார்ச் 24ஆம் நாள் பிரான்ஸ் நாட்டு மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானம் மோதி 150 பேர் மாண்டார்கள். தலைமை விமானி வெளியே சென்ற நேரத்தில் துணை விமானி கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு வேண்டுமென்றே விமானத்தை மலைமீது செலுத்தினார். வெளியிலிருந்து வரும் ஆபத்தைத் தடுத்த அதே கதவு, உள்ளேயிருந்த ஆபத்தைக் காப்பாற்றியது. ஒரு தீர்வைக் கண்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

எல்மினா: தெரியாத தரையை நோக்கி

1977ஆம் ஆண்டு மலேசிய வான்வெளிக்கு இருமடங்கு துயரம் தந்த ஆண்டு. தஞ்சோங் கூப்பாங் சம்பவத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, செப்டம்பர் 27ஆம் நாள், தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் சுபாங்கிற்கு அருகிலுள்ள எல்மினா தோட்டத்தில் ஒரு குன்றின்மீது மோதியது. விமானத்தில் இருந்த 79 பேரில் 34 பேர் இறந்தார்கள், 45 பேர் பிழைத்தார்கள்.

வானிலை மோசமாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் விமானிகளுக்கு ஓர் எளிய விதி உண்டு. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும்வரை, குறிப்பிட்ட உயரத்திற்குக் கீழே இறங்கக் கூடாது. தெரியாவிட்டால் மேலே ஏறிச் சுற்றிவந்து மறுபடி முயல வேண்டும். அன்று அந்த எல்லை 750 அடி. விமானம் மோதிய குன்றின் உயரமோ ஏறத்தாழ 300 அடி. ஓடுபாதையைப் பார்க்காமலேயே விமானம் எல்லைக்குக் கீழே இறக்கப்பட்டது.

இதில் எந்திரக் கோளாறு கிடையாது, மர்மமும் கிடையாது. “இன்னும் கொஞ்சம் இறங்கினால் தெரிந்துவிடும்” என்ற நினைப்புதான். பயண முடிவில் களைப்பும் அவசரமும் சேரும்போது எந்த மனிதருக்கும் வரக்கூடிய நினைப்பு அது. அதனால்தான் விதி இருக்கிறது. தெளிவாக இருக்கும் நேரத்தில் எழுதிய விதி, குழம்பிய நேரத்தில் நம்மைக் காப்பதற்கு.

ஒரு சொல், நான்கு உயிர்

இருமொழி, மும்மொழி பேசி வளர்ந்த நம்மைப் போன்ற மாணவர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டியது 1989 பிப்ரவரி 19ஆம் நாள் நடந்த விபத்து. சிங்கப்பூர் சாங்கியிலிருந்து புறப்பட்டு சுபாங்கிற்கு வந்தது ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம். அது பூச்சோங் அருகே ஒரு குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த நால்வரும் மாண்டார்கள்.

2,400 அடிக்கு இறங்குங்கள் என்பதுதான் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்ல நினைத்தது. அதை அவர் ஆங்கிலத்தில் “டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று எண்களாக அடுக்கிச் சொன்னார். ஆங்கிலத்தில் ‘டூ’ என்றால் இரண்டு. அதே ஒலியில் ‘க்கு’ என்ற வேற்றுமை உருபின் பொருள் தரும் இன்னொரு சொல்லும் உண்டு. விமானியின் காதில் அது ‘400க்கு’ என்று விழுந்தது. “நானூறு” என்ற பொருளிலேயே அவர் திருப்பிச் சொன்னார். அதிகாரி அந்தத் தவற்றைக் கவனிக்கவில்லை. இரண்டாயிரம் அடி வித்தியாசம் ஓர் அசையில் மறைந்துபோனது.

எந்த முறையில் தரையிறங்குவது என்பதிலும் விமானிகளிடையே தெளிவில்லை. தரை நெருங்குகிறது, மேலே ஏறு என்று எச்சரிக்கைக் கருவி மறுபடி மறுபடி ஒலித்தது. அதைக் கேட்டு யாரும் செயல்படவில்லை. விமானத் துறையில் உயரத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்குக் கண்டிப்பான சொல்முறை இருப்பதும், சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் இருப்பதும், திருப்பிச் சொன்னதைக் கேட்டுச் சரிபார்ப்பது கேட்பவரின் கடமையாக இருப்பதும் இதனால்தான்.

இந்தியாவிலும் இதுபோல் நடந்திருக்கிறது. 1996 நவம்பர் 12ஆம் நாள், டில்லிக்கு அருகில் சார்க்கி தாத்ரி என்ற ஊரின் மேலே சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதிக்கொண்டதில் 349 பேர் இறந்தார்கள். கசகஸ்தான் விமானம் தனக்குக் கொடுக்கப்பட்ட உயரத்தைவிடக் கீழே இறங்கியதுதான் காரணம். அதன் பணியாளர்களின் ஆங்கிலப் புரிதல் போதாமல் இருந்ததும் விசாரணையில் பேசப்பட்டது.

மொழி என்றால் நமக்குப் பேச்சுப் போட்டியும் கட்டுரையும்தான் நினைவுக்கு வரும். தெளிவாகச் சொல்வதும், சொன்னது புரிந்ததா என்று கேட்பதும் உயிர் காக்கும் திறன்கள். ஆய்வுக்கூடத்திலோ பயிற்சி இடத்திலோ புரியாததற்கு “ஓகே, ஓகே” என்று தலையாட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. கேட்டால் கேலி செய்வார்களோ என்ற கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சத்திற்கு நாம் கொடுக்கும் விலை மதிப்பெண்ணோடு நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பூட்டிக் கிடந்த அறிக்கை

காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை மக்களிடம் சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சபா மாநிலம் சாட்சி. 1976 ஜூன் 6ஆம் நாள் கோத்தா கினபாலுவில் தரையிறங்கவிருந்த நோமேட் ரகச் சிறு விமானம் விழுந்தது. முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீஃபன்ஸ் உட்பட 11 பேரும் மாண்டார்கள்.

அந்த விசாரணை அறிக்கை இரகசியமாக வைக்கப்பட்டது. சதியா, அரசியலா என்ற சந்தேகம் ஒரு தலைமுறையைத் தாண்டி வளர்ந்தது. 2023 ஏப்ரலில்தான், 47 ஆண்டுகள் கழித்து, அரசாங்கம் அறிக்கையை வெளியிட்டது. அதில் சதிக்குச் சான்றில்லை. விமானத்தின் பின்பகுதியில் அளவுக்கு மீறிச் சாமான் ஏற்றப்பட்டதால் ஈர்ப்பு மையம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று இருந்தது.

படிவம் 4 இயற்பியல் படித்தவருக்குப் புரியக்கூடிய காரணம் அது. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினால் முன்சக்கரம் தூக்குமே, அதே தத்துவம். இதைச் சொல்ல 47 ஆண்டுகள் ஆகின. அதற்குள் எத்தனை தாயும் மனைவியும் பிள்ளைகளும் உண்மை தெரியாமலேயே கண்மூடியிருப்பார்கள்?

அதே 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், லங்காவியிலிருந்து சுபாங்கிற்கு வந்த சிறிய ஜெட் விமானம் ஷா ஆலாம் பண்டார் எல்மினாவில் சாலையில் விழுந்தது. ஆம், அதே எல்மினா. ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலம் இப்போது நகரம். விமானத்தில் இருந்த எட்டுப் பேரோடு, சாலையில் போய்க்கொண்டிருந்த இருவரும் உயிரிழந்தார்கள். இம்முறை ஒரு மாதத்திற்குள் முதற்கட்ட அறிக்கை வந்தது, அடுத்த ஆண்டு இறுதி அறிக்கையும் வந்தது. தரையில் இறங்கிய பிறகு மட்டுமே பயன்படுத்த வேண்டிய இறக்கைத் தடுப்புகள், வானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டதை அறிக்கை விளக்கியது. வதந்திக்கு 47 ஆண்டு இடம் கொடுத்த நாடு, இம்முறை ஓராண்டில் பதில் சொன்னது. இது பாராட்ட வேண்டிய மாற்றம்.

எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2014 மார்ச் 8ஆம் நாள் 239 பேருடன் காணாமல் போன எம்.எச். 370 விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே 2018ஆம் ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனாலும், அந்த இழப்பிலிருந்து ஒரு பாடம் பிறந்தது. பெரிய பயணிகள் விமானங்கள் கடலுக்கு மேல் பறக்கும்போது குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றின் இருப்பிடம் பதிவாக வேண்டும் என்ற அனைத்துலக நடைமுறை வந்தது. முழுப் பதில் கிடைக்காதபோதும் கேள்வி வீண்போகவில்லை.

துளை விழுந்த தோசைகள்

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் விபத்துகளை விளக்க ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளை உவமை காட்டினார். நமக்குத் தோசை போதும். ஒரு தோசையில் நூறு துளை இருக்கும். நான்கு தோசைகளை அடுக்கினால் ஒன்றின் துளையை மற்றொன்று மறைத்துவிடும். எப்போதாவது நான்கிலும் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் மட்டுமே மேலே ஊற்றிய சாம்பார் தட்டுவரை இறங்கும்.

ஃபிளையிங் டைகர் விபத்தை இப்படிப் பாருங்கள். தெளிவற்ற சொல் ஒரு துளை. தவறாகத் திருப்பிச் சொன்னது இரண்டாவது. அதைக் கவனிக்காதது மூன்றாவது. எச்சரிக்கை ஒலியை மதிக்காதது நான்காவது. இவற்றில் ஏதாவது ஒன்று அடைபட்டிருந்தால், நால்வரும் அன்று வீட்டிற்குத் தொலைபேசியில் பேசியிருப்பார்கள்.

இதனால்தான் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதி, விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, யார்மீதும் பழி சுமத்துவதன்று என்று தெளிவாகச் சொல்கிறது. சிலருக்கு இது பிடிக்காது. தவறு செய்தவரைச் சும்மா விடுவதா என்று கேட்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. சட்டத்தை வேண்டுமென்றே மீறியவரைத் தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. ஆனால், கைதவறியவரையும் தூக்கில் போடுவோம் என்றால், நாளை எந்த விமானியும் எந்தப் பொறியாளரும் தன் பிழையை ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொள்ளாத பிழை திருத்தப்படாது.

சாலைக்கு மட்டும் ஏன் விதி?

நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 6,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் வயதினர் அதிகம். ஒரு விமானம் விழுந்தால் நாடே காரணம் கேட்கிறது. ஒரு பையன் அதிகாலையில் வேலைக்குப் போகும் வழியில் லாரிக்கு அடியில் சிக்கி இறந்தால், மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு “அவன் நேரம் அவ்வளவுதான்” என்கிறோம்.

2025 ஜூன் 9ஆம் நாள் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டபோது எங்கள் விடுதியில் அன்றிரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவர்களும் எங்களைப்போல் விடுமுறை முடிந்து வளாகத்துக்குத் திரும்பியவர்கள். நாங்களும் அப்படித்தான் நள்ளிரவுப் பேருந்தில் ஏறுகிறோம். அதன் டயரையோ ஓட்டுநரின் ஓய்வு நேரத்தையோ பற்றி யாரும் கேட்பதில்லை.

வானத்துக்குப் பொருந்தும் விசாரணை முறை சாலைக்கும் பொருந்த வேண்டும். உயிர்ப்பலி வாங்கிய ஒவ்வொரு பேருந்து, லாரி விபத்துக்கும் சுயேச்சையான விசாரணை நடக்க வேண்டும். அதன் முடிவு குறித்த காலத்துக்குள், எளிய மொழியில், பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும். பழைய விமான விபத்து அறிக்கைகளும் பள்ளி நூலகங்களுக்கு வர வேண்டும். அவை இயற்பியலும் வரலாறும் மொழியும் சேர்ந்த பாடநூல்கள்.

மாணவர்களாகிய நம் பங்கும் உண்டு. விமான விபத்து விசாரணை அறிக்கைகள் போக்குவரத்து அமைச்சின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. ஒன்றையாவது படித்துப் பாருங்கள். ஸ்கூடாயில் வானூர்திப் பொறியியல் படிக்கும் வாய்ப்பு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. விமானி ஆக வேண்டும் என்று கனவு காணும் தம்பி தங்கைகள், விபத்துக்குக் காரணம் தேடும் புலனாய்வாளர் என்றொரு தொழிலும் இருப்பதை அறிந்துகொள்ளட்டும். எதுவும் முடியாவிட்டால், பேருந்தில் ஏறியதும் இருக்கை வாரைப் பூட்டுங்கள், ஓட்டுநர் தூங்கி வழிந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் அடைக்கும் ஒரு துளை போதும்.

‘ஊழ்’ என்று ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர்தான் ‘ஆள்வினை உடைமை’ என்றும் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். முதலாவதை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம்.

அடுத்த விடுமுறையில் தாத்தாவை ஜாலான் கெபுன் தேக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். நூறு பேரும் எப்படி இறந்தார்கள் என்பதை அவரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர் மறுபடியும் தலைவிதி என்று சொல்லக்கூடும். பரவாயில்லை, பெரியவர் சொல்லலாம். இருபது வயதில் நாம் அப்படிச் சொல்லக் கூடாது.